வீட்டில் படிக்கும் பிள்ளைகள்: ஒரு நாளை எப்படி ஓட்டுவது, சான்றிதழுக்கு என்ன வழி? (தருமபுரி, கிருஷ்ணகிரி)

பாலக்கோட்டுக்காரி

வணக்கம்ங்க. ஊர் பாலக்கோடு பக்கம். பொண்ணுக்கு 6 வயசு, பையனுக்கு 9. வர்ற ஜூன்ல இருந்து ரெண்டு பேருக்கும் வீட்லயே படிப்பு, தமிழ்வழி. சமச்சீர் புத்தகம் இருக்கு, ஒரு செல்போன் இருக்கு. காலையில ஆறரையில இருந்து பத்து வரைக்கும் நான் கூட உக்கார முடியும். அதுக்கப்புறம் கொல்லை வேலை.

எத்தனை மணி நேரம் போதும்? ரெண்டு வயசையும் ஒண்ணா வெச்சு எப்படி நடத்தறது? பையனுக்குக் கடன் வாங்கிக் கழிக்கிறது நிக்கவே இல்ல, பின்னமும் அப்படித்தான். பொண்ணு இப்பத்தான் எழுத்து கத்துக்குது. பின்னாடி பத்தாவது சர்டிபிகேட்டுக்கு என்ன வழி? பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகளைக் கணக்கெடுக்க வந்தா என்ன காட்டணும்? தெரிஞ்சவங்க விவரமா சொல்லுங்க.

தகடூரான்

மூன்றரை மணி நேரம் தாராளம் அம்மா. பள்ளிக்கூடத்தின் ஆறு மணி நேரத்தை அளவுகோலாக எடுக்க வேண்டாம். வருகைப் பதிவு, முப்பது நோட்டு திருத்தும் வரை காத்திருப்பது, மணி அடித்து இடம் மாறுவது எல்லாம் அதில் அடக்கம். எதிரில் உட்கார்ந்து சொல்லித்தரும்போது 6 வயதுப் பிள்ளைக்கு 15 நிமிடத் துண்டுகள் நாலு போதும். 9 வயதுக்கு 25 நிமிடத் துண்டுகள் ஐந்து. நடுநடுவே எழுந்து ஓட விட வேண்டும்.

இரண்டு வயதையும் ஓட்ட ஒரு சூத்திரம்தான் உண்டு: ஒருவருக்கு நீங்கள் தேவைப்படும் பாடம் ஓடும்போது மற்றவருக்கு நீங்கள் தேவைப்படாத வேலை ஓட வேண்டும். தங்கை எழுத்துக்கூட்டி வாசிக்கும்போது அண்ணன் பார்த்து எழுதுவது, வரைபடம் வரைவது, முந்தின நாள் கணக்கைத் திருத்துவது. அண்ணனுக்குப் புதுக் கணக்கு சொல்லித்தரும்போது தங்கை களிமண், கோலப்புள்ளி, விதை பிரித்தல். தொடக்கத்தில் பத்து நிமிடம் மனக்கணக்கும் முடிவில் இருபது நிமிடம் கதை வாசிப்பும் இருவருக்கும் சேர்த்து. கதையை நீங்கள் வாசிக்க வேண்டும். ஒன்பது வயதுக்காரன் தானாக வாசிக்கத் தெரிந்தவனாக இருந்தாலும் காதால் கேட்கட்டும்; அவன் வாசிப்பு மட்டத்துக்கு மேலே உள்ள சொற்கள் அப்படித்தான் உள்ளே போகும்.

முதல் மாதம் தமிழும் கணக்கும் மட்டும். அறிவியல், சமூக அறிவியல் புத்தகங்களை அலமாரியில் வையுங்கள். எல்லாப் பாடத்தையும் முதல் திங்கட்கிழமையே தொடங்கும் வீடுகளில் மூன்றாவது வாரத்தில் அம்மாவுக்கும் பிள்ளைக்கும் சண்டை வந்துவிடுகிறது. காரணம் பிள்ளையின் சோம்பல் இல்லை. ஒரே காலையில் ஐந்து புதுப் பழக்கங்களைப் பிள்ளை மேல் ஏற்றிவிடுகிறோம்.

காவேரிப்பட்டணம்

தகடூரான் அண்ணா சொல்வதில் எனக்கு ஒரு மறுப்பு. நேரம் குறைவாக இருக்கலாம், ஆனால் கடிகாரம் கண்டிப்பாக வேண்டும். 7 மணி என்றால் 7 மணி. இல்லாவிட்டால் பால் கறக்க, தண்ணீர் பிடிக்க, விருந்தாளி வர என்று படிப்பு பத்து மணிக்குத் தள்ளிப் போய், அப்புறம் அது நடக்கவே நடக்காது.

தகடூரான்

தொடங்கும் நேரம் ஒன்றை மட்டும் கட்டிக்கொள்ளுங்கள் என்றால் ஒப்புக்கொள்கிறேன் தம்பி. உள்ளே இருப்பவற்றுக்குக் கடிகாரத்தை விட வரிசை நல்லது. "7.25-க்குக் கணக்கு" என்று எழுதினால் 7.40-க்குத் தொடங்கும் நாளெல்லாம் தோற்ற நாளாகத் தெரியும். "வாசிப்புக்குப் பின் கணக்கு" என்று எழுதினால் எந்த நாளும் தவறாது. மாங்காய் அறுவடை நாட்களில் இந்த முறைதான் தாங்கும். மனக்கணக்கு, வாசிப்பு இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்தினாலும் வரிசை உடையாது.

ராகிக்களம்

கணக்குக்கு வருகிறேன். கடன் வாங்கிக் கழித்தல் நிற்காத பிள்ளைக்கு மேலும் பத்துக் கணக்கு கொடுப்பதால் பலன் இல்லை. என்ன தப்பு செய்கிறான் என்று முதலில் பாருங்கள். 403 − 168 கொடுங்கள். 365 என்று எழுதினால், ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழிக்கிறான்: 8-ல் 3 போக 5, 6-ல் 0 போக 6, 4-ல் 1 போக 3. கழித்தல் அவனுக்குத் தெரியும். இடமதிப்புதான் தெரியவில்லை.

மருந்து தென்னை விளக்குமாறு. ஐம்பது ஈர்க்கு உருவி, மெல்லிய நுனியை விட்டுவிட்டு 7 செ.மீ. துண்டுகளாக வெட்டினால் கிட்டத்தட்ட 500 குச்சி கிடைக்கும். பத்துக் குச்சிக்கு ஒரு ரப்பர் பேண்டு. பத்துக் கட்டு சேர்ந்தால் ஒரு பெரிய கட்டு. கட்டுவதை நீங்கள் செய்து வைக்காதீர்கள், பையன் கையால் எண்ணிக் கட்டட்டும். பாதிப் பாடம் அந்தக் கட்டுதலில் இருக்கிறது.

இப்போது 403 எடுத்து வைக்கச் சொல்லுங்கள்: பெரிய கட்டு நாலு, தனிக் குச்சி மூன்று, நடுவில் வெற்றிடம். "இதிலிருந்து எட்டுக் குச்சி கொடு." மூன்றுதான் இருக்கிறது. சின்னக் கட்டு ஒன்றும் இல்லை. அப்படியென்றால் பெரிய கட்டை அவிழ்க்க வேண்டும். உள்ளே பத்துச் சின்னக் கட்டு. அதில் ஒன்றை அவிழ்த்தால் பத்துக் குச்சி. இப்போது எதிரில் இருப்பது 3 பெரிய கட்டு, 9 சின்னக் கட்டு, 13 குச்சி. இனி எட்டு, ஆறு, ஒன்று எடுத்தால் மீதி 235. "கடன் வாங்குதல்" என்ற சொல்லையே சில வாரம் சொல்லாதீர்கள். வாங்கினால் திருப்பிக் கொடுக்க வேண்டுமே என்று பிள்ளை குழம்பும். "கட்டு அவிழ்த்தல்" என்று சொல்லுங்கள்.

முதல் வாரம் குச்சி மட்டும், நோட்டு வேண்டாம். இரண்டாம் வாரம் குச்சியை நகர்த்திய பிறகு அதையே நோட்டில் எழுதுவது. மூன்றாம் வாரம் முதலில் நோட்டு, சந்தேகம் வந்தால் மட்டும் குச்சி. பெரும்பாலும் தப்பு நடப்பது, இரண்டாம் வாரத்தை விட்டுவிட்டுத் தாவுவதால்.

தமிழில் எண் படிக்கும் பிள்ளைகளுக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. தொண்ணூறு என்ற சொல்லுக்குள் நூறு கேட்கிறது. தொள்ளாயிரத்துக்குள் ஆயிரம் கேட்கிறது. அதனால் "தொண்ணூற்று ஏழு" என்று சொன்னால் 907 என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. கவனக்குறைவு என்று திட்டாதீர்கள், அது காதில் விழுந்ததை எழுதுகிறது. ஒரு நீள அட்டையில் 8, 80, 800, 8000 என்று எழுதி எட்டு, எண்பது, எண்ணூறு, எட்டாயிரம். அதன் கீழே 9, 90, 900, 9000 எழுதி ஒன்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம், ஒன்பதாயிரம் என்று சுவரில் ஒட்டுங்கள். இரண்டு வரிசையையும் ஒன்றின் கீழ் ஒன்றாகப் பார்த்தால் ஒன்பதின் வரிசை ஒரு படி தள்ளி ஒலிக்கிறது என்பதைப் பிள்ளையே கண்டுபிடிக்கும்.

பாலக்கோட்டுக்காரி

ராகிக்களம் அண்ணா, 365-னே தான்ங்க எழுதறான். அச்சு அசல். பின்னத்துக்கும் இதே மாதிரி ஏதாவது?

ராகிக்களம்

பின்னத்துக்குப் பாட்டிகளின் கணக்கே போதும் அம்மா. கால், அரை, முக்கால், அரைக்கால், மாகாணி. காலில் பாதி அரைக்கால், அதாவது 1/8. அரைக்காலில் பாதி மாகாணி, 1/16. வீசம் என்றாலும் அதுதான். பாதியின் கால் எவ்வளவு என்ற பெருக்கல் அந்தப் பெயருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

பழைய காலண்டர் அட்டையில் 16 செ.மீ. நீளம், 3 செ.மீ. அகலத்தில் ஐந்து துண்டு வெட்டுங்கள். பதினாறு ஏன் என்றால் எல்லாம் முழு எண்ணாக விழும்: அரை 8 செ.மீ., கால் 4, அரைக்கால் 2, மாகாணி 1. ஒரு துண்டு முழுசாக இருக்கட்டும். மற்ற நாலையும் இந்த அளவுகளில் வெட்டி, ஒவ்வொரு அளவுக்கும் ஒரு நிறம் பூசுங்கள். 10 செ.மீ. துண்டில் வெட்டினால் அரைக்கால் 1.25 செ.மீ. ஆகும். அளப்பதில் வரும் பிசகு பின்னத்தின் பிசகாகத் தெரியும்.

1/4 + 1/8 = 2/12 என்பதுதான் எல்லாப் பிள்ளையும் செய்யும் தப்பு. கால் துண்டையும் அரைக்கால் துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 6 செ.மீ. வருகிறது. 2/12 என்பது ஆறில் ஒரு பங்கு, 16 செ.மீ.-ல் மூன்று செ.மீ. கூட வராது. கூட்டின விடை கூட்டுவதற்கு முன் இருந்த காலை விடச் சின்னதாகுமா என்று கேளுங்கள். பதில் சொல்லாமல் அட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அந்த மௌனத்தைக் கலைக்காதீர்கள். பிறகு காலை இரண்டு அரைக்காலாக மாற்றி வைத்தால் மூன்று அரைக்கால், 3/8. பகுதியைச் சமமாக்குவது எதற்கு என்று இனி விளக்க வேண்டியதில்லை.

தளி எல்லை

பொண்ணுக்கு எழுத்துன்னு கேட்டிருக்கீங்க அக்கா. 247 எழுத்தையும் அட்டவணை வரிசையில க, கா, கி, கீன்னு ஒப்பிக்க வைக்க வேணாம். வடிவம் ஒத்துப்போறதை முதல்ல குடுங்க: ட, ப, ம, ய. நாலும் கோடும் வளைவும்தான், பென்சில் பிடிக்கத் தெரிஞ்ச அன்னைக்கே வரும். அதுலயே படம், மடம் எழுதிரலாம். புள்ளி வெச்சதும் "ம்" ஆகுதுங்கறதும் அப்பவே புரிஞ்சிரும். எழுத்து தெரிஞ்ச முதல் வாரத்துலயே சொல் வாசிச்சிட்டா அந்தப் பிள்ளைக்கு வாசிப்புன்னா என்னன்னு தெரிஞ்சிபோச்சு.

எல்லாரும் தடுக்கி விழற இடம் உகர வரிசை. ஆ, இ, ஈ குறிகள்ல பெரும்பாலானது ஒரே மாதிரி. உகரத்துல மட்டும் எழுத்துக்கு எழுத்து மாறும். அதை மூணு குடும்பமாப் பிரிச்சுக் குடுங்க. கீழ சுழிச்சு முடியறது: கு, டு, மு, ரு, ழு, ளு. கீழ கோடு இறங்கறது: சு, பு, யு, வு. கீழ போய் வளைஞ்சு மேல ஏறுறது: ணு, து, நு, லு, று, னு. ஒரு வாரத்துக்கு ஒரு குடும்பம். மூணையும் கலந்து குடுத்தா ஆறு மாசம் ஆனாலும் "து"வை "கு" மாதிரி சுழிச்சிட்டு இருக்கும்.

அடுத்தது கொம்பு. கெ, கே, கை எல்லாத்துலயும் காதுல முதல்ல விழறது க, கையில முதல்ல எழுதறது கொம்பு. கொ, கோவுல ரெண்டு பக்கமும் அணைச்சு நிக்கும். அதனால பிள்ளை "க" எழுதிட்டு அதுக்கப்புறம் கொம்பை இடுக்குல திணிக்கும். அட்டையில எழுத்தை வெட்டி, கொம்பைத் தனி அட்டையா வெச்சு, கையால நகர்த்திச் சேர்க்க விடுங்க. "கொம்பு முன்னாடி போய் உக்காரும்"னு வாயால சொல்லிக்கிட்டே நகர்த்தட்டும்.

எங்க பக்கம், அதாவது ஓசூர், தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளி பக்கம், வீட்ல தெலுங்கோ கன்னடமோ பேசற பிள்ளைகள் நிறைய. அவங்களுக்கு ஒரு கேள்வி வரும்: ஒரே "க"வை ஏன் மூணு மாதிரி படிக்கணும்? தெலுங்குல தனித்தனி எழுத்து இருக்கறதால அது நியாயமான கேள்வி. மக்கள், மங்கை, மகன், இந்த மூணு சொல்லைப் பக்கத்துல பக்கத்துல எழுதிப் போடுங்க. இரட்டிச்சா வல்லோசை, மெல்லெழுத்துக்குப் பின்னாடி அழுத்தமான மெல்லோசை, ரெண்டு உயிருக்கு நடுவுல இளகின ஓசை. பட்டம், பண்டம், படம்; பத்து, பந்து, பாதை. இதே ஒழுங்குதான். வீட்டு மொழியை நிறுத்தச் சொல்லாதீங்க. அந்த மொழியில கதை சொல்லத் தெரிஞ்ச பிள்ளைக்குத் தமிழ்ல எழுதறதுக்கும் விஷயம் இருக்கும்.

பையன் ந, ன, ண மாத்தி எழுதினா ஒண்ணு சொல்லிக்குடுங்க: சொல் தொடங்கினா ந. த்-க்கு முன்னாடி ந் (பந்து), ற்-க்கு முன்னாடி ன் (கன்று), ட்-க்கு முன்னாடி ண் (வண்டு). இதுலயே பாதிப் பிழை போயிரும். மிச்சம் வாசிச்சு வாசிச்சுத்தான் வரும். ல, ள, ழ பிழைக்கு முதல்ல பெரியவங்க வாய் திருந்தணும். நாம வாளப்பளம்னு சொல்லிட்டு அவனை வாழைப்பழம்னு எழுதுன்னா எப்படி?

டிக்டேஷன் நாளுக்கு அஞ்சு சொல் போதும். பாரு, மூடு, எழுது, திறந்து சரிபாரு. திருத்தறது அவனா இருக்கணும். சிவப்பு மையை நீங்க கையிலயே எடுக்காதீங்க.

வாசிக்கப் புத்தகம் இல்லன்னு நினைக்க வேணாம். ஸ்டோரிவீவர் தளத்துல நிலை வாரியா தமிழ்க் கதைகள் இலவசமா இருக்கு, இறக்கி வெச்சுக்கலாம். பக்கத்துக் கிளை நூலகத்துல பிள்ளைகள் பேர்ல உறுப்பினர் அட்டை வாங்கிருங்க.

மல்பெரி

பாலக்கோடு என்கிறீர்கள். அறிவியலுக்குப் பட்டுப்புழுவை விட நல்ல பாடம் கிடைக்காது. இரண்டாம் மாதம் தொடங்கலாம்.

பட்டு வளர்க்கும் தெரிந்த விவசாயியிடம் மூன்றாம் தோலுரிப்பு முடிந்த புழு இருபது கேளுங்கள். முட்டையிலிருந்து வேண்டாம், இளம்புழு சட்டென்று செத்துவிடும், பிள்ளைகள் மனசு உடையும். அட்டைப் பெட்டியில் செய்தித்தாள் விரித்து, ஒரு நாளைக்கு மூன்று முறை இலை. இருபது புழுவுக்கு மொத்தம் அரை கிலோ இலை அளவுக்கு ஆகும், ஆனால் பெரும்பகுதி கடைசி ஒரு வாரத்தில் போகும், அதற்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கெடுவது இவற்றால்: ஈர இலை போடுவது, பூச்சிமருந்து அடித்த வயலுக்குப் பக்கத்து இலை, அறைக்குள் கொசுவத்தி, புகையிலை பட்ட கை, எறும்பு. பெட்டியை ஸ்டூல் மேல் வைத்து நாலு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. நடுவில் ஒரு நாள் புழு தலையைத் தூக்கியபடி அசையாமல், சாப்பிடாமல் இருக்கும். நோய் என்று நினைத்துத் தொடாதீர்கள். அது நாலாவது தோலுரிப்பு, எல்லாம் எழும் வரை இலை போட வேண்டாம். அதன் பின் ஏழெட்டு நாள் இரவு பகலாகத் தின்னும். அமைதியான இரவில் காது வைத்தால் தூறல் விழுவது போலச் சத்தம் கேட்கும்.

பையனுக்கு வேலை: தோலுரிக்கும் நாள் தவிர தினமும் எடை. சமையல் தராசு ஒரு கிராமுக்குக் கீழே காட்டாது, ஒற்றைப் புழுவை வைத்தால் முள் நகராது. பத்துப் புழுவைச் சேர்த்து நிறுத்தி பத்தால் வகுக்கட்டும். சராசரி எதற்கு என்ற பாடம் அங்கேயே முடிந்தது. முதிர்ந்த புழு நாலைந்து கிராம் வரும். முட்டையிலிருந்து வெளிவந்தபோது இருந்ததைப் போலப் பத்தாயிரம் மடங்கு. தேதி கிடைமட்டம், எடை செங்குத்து என்று கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்தால் தோலுரிக்கும் நாளில் கோடு படுத்திருப்பது தெரியும்.

உடம்பு மஞ்சளித்து, தலையை ஆட்டிக்கொண்டு மூலை தேடினால் கூடு கட்டப் போகிறது. காய்ந்த குச்சிகளைப் பெட்டியில் சாய்த்து வையுங்கள். இரண்டு மூன்று நாளில் கூடு முடியும், பத்துப் பன்னிரண்டு நாளில் அந்துப்பூச்சி. முக்கியமாக, உங்கள் பெட்டிப் புழுவையோ கூட்டையோ மறுபடி விவசாயியின் வளர்ப்பு மனைக்குள் கொண்டுபோகக் கூடாது. நோய் ஏறினால் அவர் பயிர் முழுக்கப் போய்விடும். பிறகு ஒருநாள் தருமபுரி பட்டுக்கூடு அங்காடியில் அனுமதி கேட்டு ஏலத்தைக் காட்டுங்கள். கிலோ, விலை, தரம் மூன்றும் ஒரே இடத்தில் கண்ணுக்குத் தெரியும்.

நடுகல்

சமூக அறிவியலுக்கு 4.2 மீட்டர் கயிறு ஒன்று. 1 செ.மீ. என்றால் 10 வருடம். ஒரு முனை இன்று. அங்கிருந்து 2 செ.மீ. தள்ளி துணி முடிச்சு: கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது, 2004. 6 செ.மீ.: தருமபுரி மாவட்டமானது, 1965. 10 செ.மீ.: பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவா மறைந்தது, 1925. 23 செ.மீ.: மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்து பாராமகால் (நம் பகுதியின் அன்றைய பெயர்) ஆங்கிலேயர் கைக்குப் போனது, 1792. இரண்டு மீட்டர் தள்ளி ஏறக்குறைய அதியமானும் ஔவையும். கயிற்றின் மறுமுனையில் மயிலாடும்பாறை, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அகழாய்வு நடந்த இடம். அங்கே கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-ல் அறிவித்தார்கள்.

பிள்ளை தடுமாறும் இடம் கி.மு. கழிக்கப் பார்க்கும். கயிற்றில் கி.பி. 1 இருக்கும் இடத்தில் சிவப்பு நூல் கட்டி, அந்தப் பக்கம் 2172, இந்தப் பக்கம் இன்றைய ஆண்டு, இரண்டையும் கூட்ட வேண்டும் என்று கையால் தொட்டுக் காட்டுங்கள்.

தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்கள் இருக்கின்றன. போவதற்கு முன் வெள்ளைத்தாள், மெல்லிய பென்சில். வீரன் கையில் என்ன ஆயுதம், எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறான், மாடு இருக்கிறதா, எழுத்து எங்கே இருக்கிறது, இந்த நாலை மட்டும் வரைந்து குறிக்கச் சொல்லுங்கள். வயல்வெளியில் நிற்கும் கல்லாக இருந்தால் எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சாக்பீஸ், மாவு, எண்ணெய் எதுவும் தேய்க்கக் கூடாது. காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது எழுத்து தானே எழுந்து தெரியும்.

இன்னொன்று, ஏப்ரல் 20-க்கும் 25-க்கும் இடையில் ஒரு நாள், மறுபடி ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் ஒரு நாள், நம் இரண்டு மாவட்டத்திலும் நடுப்பகலில் நிழல் காலடிக்குள் போய்விடும். நாம் இருப்பது வடக்கு அட்சம் 12 பாகையைச் சுற்றி. சூரியன் அந்த அட்சத்துக்கு நேர் மேலே வரும் நாட்கள் அவை. 30 செ.மீ. குச்சியைத் தூக்குக்குண்டு பிடித்துச் செங்குத்தாக நட்டு, 11.50 முதல் 12.40 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழல் நுனியில் கூழாங்கல் வையுங்கள். மிகக் குட்டையான நிழல் 12 மணிக்கு வராது, 12.15-லிருந்து 12.25-க்குள் வரும். இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கத்துக்கு வைத்தது. நாம் ஏறக்குறைய 78 பாகையில் இருக்கிறோம். ஒரு பாகைக்கு 4 நிமிடம். மேக மூட்டமான வருடம் ஏமாற்றும், அதனால் முன்னும் பின்னும் மூன்று நாள் ஒதுக்கி வையுங்கள்.

ஏட்டுக்கட்டு

சான்றிதழ் பற்றி யாரும் சொல்லவில்லை. இதைக் கவனமாகப் படியுங்கள்.

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரை. வீட்டுக்கல்வி என்ற சொல்லே அதில் கிடையாது. ஆனால் 10-ஆம் பிரிவு பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது. வீட்டுக்கு வருபவர்கள் அதைத்தான் சொல்வார்கள். வாதாடாதீர்கள். அவர்கள் தேடி வருவது வேலைக்கு அனுப்பப்பட்ட பிள்ளையையும், கல்யாணத்துக்கு நிறுத்தப்பட்ட பிள்ளையையும். நம் மாவட்டங்களில் அந்தத் தேடல் மிகவும் தேவை. உட்கார வைத்து நோட்டைக் காட்டுங்கள்.

காட்ட வேண்டியவை: தினமும் மூன்று வரி எழுதும் நாட்குறிப்பு (தேதி, என்ன படித்தது, எங்கே தடுமாறியது). மாதம் ஒருமுறை உதவியில்லாமல் எழுதிய ஒரு பக்கம், தப்பைத் திருத்தாமல் அப்படியே. அதே நாளில் செய்த ஒரு கணக்குத்தாள். ஒரு நிமிட வாசிப்பை செல்போனில் பதிவு செய்து தேதியோடு. ஆறு மாதத் தாளை அடுக்கினால் வளர்ச்சி தெரியும். சுத்தமாகப் படி எடுத்த நோட்டு எதையும் நிரூபிக்காது.

பையன் பள்ளியில் இருந்திருந்தால் மாற்றுச் சான்றிதழ், எமிஸ் எண் (பள்ளிக்கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் அடையாள எண்), மதிப்பெண் பதிவு, எல்லாவற்றையும் வாங்கி உறை போட்டு வையுங்கள். சாதிச் சான்றிதழையும் இப்போதே. திரும்பப் பள்ளிக்கு அனுப்ப நினைத்தால் அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவுப்படி வயதுக்கேற்ற வகுப்பில் சேரலாம்.

பத்தாம் வகுப்புக்கு இரண்டு வழி. ஒன்று, தேசியத் திறந்தநிலைப் பள்ளி. வயது 14 நிறைந்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்புச் சான்று இல்லாவிட்டால் படிக்கும் தகுதி இருக்கிறது என்ற சுய உறுதிமொழி. ஐந்து பாடம், அதில் குறைந்தது ஒன்று மொழி. தமிழுக்கு 237, கணிதம் 211, அறிவியல் 212, சமூக அறிவியல் 213. பதிவு ஐந்து வருடம் செல்லும், ஒன்பது வாய்ப்பு. ஒவ்வொரு பாடமாகக் கூட எழுதி முடிக்கலாம். ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் இரண்டு தேர்வு. வீட்டில் எழுதிச் சமர்ப்பிக்கும் ஒப்படைப்புக்கு 20 விழுக்காடு. பலர் இதை விட்டுவிட்டு மதிப்பெண்ணை இழக்கிறார்கள்.

இரண்டு, நம் மாநிலத் தனித்தேர்வர் முறை. 12½ வயது நிறைந்ததும் எட்டாம் வகுப்பு, 14½ நிறைந்ததும் பத்தாம் வகுப்பு. சமச்சீர்ப் புத்தகமே பாடத்திட்டம், கையில் இருப்பதே போதும். அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குத் தேர்வு விண்ணப்பத்துக்கு முன்பே தனியாகப் பதிய வேண்டும். தவறவிட்டால் அந்த வருடம் போய்விடும். எந்த வழியானாலும், +1 சேர நினைக்கும் பள்ளியில் அந்தச் சான்றை ஏற்பார்களா என்று எட்டாம் வகுப்பு வயதிலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

காவேரிப்பட்டணம்

ஏட்டுக்கட்டு சொல்லாமல் விட்ட ஒன்று. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தால்தான் மருத்துவப் படிப்புக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு. கல்லூரி படிக்கும்போது கிடைக்கும் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களின் மாதம் 1000 ரூபாயும் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில், அல்லது அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்த கணக்கில்தான் வருகிறது. வீட்டில் படித்த வருடம் எண்ணப்படாது. விவசாயக் குடும்பத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஏட்டுக்கட்டு

சரியாகச் சொன்னீர்கள். அதனால் ஐந்தாம் வகுப்பு வயது வரை வீட்டில், ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் என்று முடிவெடுத்தால் இவை எதையும் இழக்க வேண்டியதில்லை. அவர்கள் பையனுக்கு இரண்டு வருட அவகாசம் இருக்கிறது. அப்படித் திட்டமிட்டால் பத்து வயது முடிந்ததும் சமச்சீர் நாலாம், ஐந்தாம் வகுப்புப் பயிற்சிகளை முழுசாக ஒருமுறை எழுத வைத்துவிடுங்கள். நேரம் வைத்து எழுதும் பழக்கமும் அப்போது.

பாலக்கோட்டுக்காரி

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. ஆறாவதுக்கு அனுப்பறதைப் பத்தி வீட்ல பேசறோம். ஒரே ஒரு சந்தேகம் மல்பெரி அக்காவுக்கு: எங்க கொல்லையில தக்காளிக்கு மருந்து அடிப்போம். பக்கத்துலயே நாலு மல்பெரிச் செடி. அந்த இலை ஆகுமா?

மல்பெரி

வேண்டாம் அம்மா. காற்றில் வந்து படிந்தாலே போதும், கழுவினாலும் முழுசாகப் போகாது. புழு தருகிறவரிடமே இலையும் கேளுங்கள். காலையில் வெயில் ஏறும் முன் பறித்து, ஈரச்சாக்கில் சுற்றி நிழலில் வைத்தால் ராத்திரி வரை வாடாது. போடும் முன் இலையில் ஈரம் இருந்தால் துணியால் துடைத்துவிடுங்கள். மருந்து அடிக்கும் நாளில் பெட்டி இருக்கும் அறையின் ஜன்னலைச் சாத்தி வையுங்கள். அடித்த துணியோடு யாரும் அந்த அறைக்குள் போக வேண்டாம்.